எட்டடித் தட்டியும் ஒரு ஸ்டாப் வாட்சும்

சென்ற மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஓய்வு பெற்றவர்களின் அனுபவத்தை அரசு பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறதாம். ‘பெண்கள் விளையாட்டை வளர்ப்பதில் தாங்கள் கண்ட வாய்ப்புகள்’ என்று ஒரு கட்டம், ‘சவால்கள்’ என்று இன்னொரு கட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். என் அனுபவத்தை அரசு சரியாகத்தான் அளந்து வைத்திருக்கிறது.

படிவத்தைக் கொண்டுவந்தவர் இளம் உடற்கல்வி ஆசிரியை.

“அய்யா, அந்தக் காலத்துல நம்ம பக்கம் பொம்பளப் பிள்ளைய ஓட்டப் பந்தயம் எல்லாம் ஓடினாவளா?” என்று கேட்டார்.

“ஓடினார்கள். பதினோரு வருஷம் நான்தான் நேரம் குறித்தேன்.”

“எப்படி ஓடினாவ?”

“அது எனக்குத் தெரியாது” என்றேன்.

கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் சொன்னது ஏறக்குறைய உண்மை. அதை இரண்டு வரியில் விளக்க முடியாததால் தனித்தாளில் எழுதுகிறேன். ‘தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது’ என்று கட்டத்தில் குறித்துவிட்டேன். அதற்கு விதியில் இடமுண்டு.

நான் திருவிதாங்கூர் அரசின் கல்வி இலாகாவில், நாகர்கோவில் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இருபதுகளின் நடுவில். பி.ஏ. தேறியிருந்தேன். ஆங்கிலத்தில் வரைவு எழுதுவேன், மலையாளத்தில் வரும் உத்தரவைப் படிப்பேன், தமிழில் பதில் சொல்வேன். இவ்வளவு தகுதியுள்ளவனைப் பெண்பள்ளிகள் பிரிவில் போட்டார்கள். மற்ற எல்லாப் பிரிவிலும் ஆள் இருந்தது.

பெண்பள்ளிகளின் காலாண்டு அறிக்கையில் ‘டிரில்’ என்று ஒரு பத்தி உண்டு. அது காலியாக இருந்தால் அறிக்கை திரும்பி வரும். அதனால் தலைமையாசிரியைகள் எதையாவது எழுதினார்கள். கும்மி என்றார்கள், கோலாட்டம் என்றார்கள். ஒரு பள்ளியில் ‘தையல்’ என்று எழுதி, விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று காரணமும் காட்டியிருந்தார்கள். இன்னொரு பள்ளியில் ‘மாணவிகள் வகுப்பறையிலிருந்து கிணற்றுக்குச் சென்று, ஒழுங்காகத் திரும்பினர்’ என்றிருந்தது. நான் எல்லாவற்றையும் கூட்டி, ‘திருப்திகரம்’ என்று எழுதி மேலே அனுப்பிவந்தேன். மேலே இருந்தவர்களும் அதைக் கூட்டித் திருப்தி அடைந்தார்கள்.

பெண்பள்ளிகளுக்கு ஒரு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நியமிக்கப்பட்டதும் இந்தத் திருப்தி போயிற்று.

அவர் மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் பட்டம் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெற்குத் தாலுகாக்களில் அரசிதழில் பெயர் வந்த ஒரே பெண் அதிகாரி. காலை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது குடையை நாற்காலியின் முதுகில் மாட்டுவார். கோப்புகளை நின்றபடிதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் எழுதினவனை நம்பத் தோன்றுகிறது என்று ஒருமுறை சொன்னார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார். எல்லாக் கோப்புக்கும் ஒரே கேள்விதான்: ‘யார் பார்த்தது?’

கும்மி அடித்ததை யார் பார்த்தது? கிணற்றுக்குப் போனதை யார் பார்த்தது? அந்தக் காலாண்டில் பத்தொன்பது அறிக்கைகளை நான் பள்ளிகளுக்குத் திருப்பி அனுப்பினேன். அடுத்த காலாண்டில் ஒன்பது பள்ளிகளில் பிள்ளைகள் உண்மையாகவே ஓடத் தொடங்கினார்கள். வேறு எழுத ஒன்றும் கிடைக்காததுதான் காரணம்.

ஓடினால் போதுமா? வருஷத்துக்கு ஒரு விளையாட்டு விழா வேண்டும் என்றார். உடனே ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனுக் கொடுத்தார்கள். வயதுக்கு வந்த பெண்கள் குதிப்பதைப் போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்கள், இதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பின்வாங்குகிறார்கள் என்று முப்பத்தேழு கையெழுத்து. அதில் பாதிப்பேர் மைதானத்து வேலியோரம் நின்று பார்த்தவர்கள். அவ்வளவு விவரமாக வேறு எப்படி எழுதியிருக்க முடியும்?

அம்மா பதிலாக ஓர் உத்தரவு தயாரித்தார். மைதானத்தைச் சுற்றி எட்டடி உயரத்துக்குத் தென்னோலைத் தட்டி கட்டப்படும். ஆண்கள் எவரும் உள்ளே வரக்கூடாது. அவ்வாறு கட்டாத பள்ளியில் விளையாட்டு விழா நடத்தக்கூடாது.

“அம்மா, இது பிள்ளைகளைச் சிறை வைத்த மாதிரி இருக்கிறதே” என்றேன்.

“இருக்கட்டும் பிள்ளை. உள்ளே ஓடுகிறார்கள் அல்லவா?”

இப்போது படிவம் கேட்கிறது: இது வாய்ப்பா, சவாலா? எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இனி ஸ்டாப் வாட்ச். தலைமை அலுவலகம் ஒரே ஒரு ஸ்டாப் வாட்ச் அனுப்பியிருந்தது. அது அரசுச் சொத்து. நிரந்தர ஊழியர் மட்டுமே கையாளலாம் என்று உத்தரவு. பள்ளி ஆசிரியைகளில் நிரந்தர அரசு ஊழியர் ஒருவரும் இல்லை. அம்மாவால் எல்லா விழாவுக்கும் வர முடியாது. நான் நிரந்தரம், ஆனால் ஆண். ஆகவே ஒரு முறை வகுக்கப்பட்டது. தட்டிக்கு வெளியே எனக்கு ஒரு முக்காலி. ஓலையில் ஓட்டை இருக்கலாம் என்பதால் முதுகைத் தட்டிக்குக் காட்டி உட்கார வேண்டும். உள்ளே விசில் ஊதினால் பொத்தானை அழுத்துவேன். முதல் பெண் கோட்டைத் தொட்டதும் ஆசிரியை கைமணி அடிப்பார். மறுபடி அழுத்துவேன். பார்த்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவேன். எதிரே வயலில் கொக்கு நிற்கும். பதினோரு வருஷத்தில் கொக்குகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வருஷம் குலசேகரத்துப் பக்கம் ஒரு பள்ளி விழாவில் நூறு கஜ ஓட்டத்துக்கு ஆறு விநாடி என்று பதிவு செய்தேன். விசில் கேட்டது, மணி கேட்டது, எழுதினேன். மாவட்டத்திலேயே அதுதான் மிக வேகமான ஓட்டம். தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம்கூட அனுப்பியது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பள்ளிக்குச் சோதனைக்குப் போன அம்மா, இவ்வளவு வேகமாக ஓடின பெண் யார் என்று விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு பெண் இல்லை. கழுத்தில் மணி கட்டின ஆடு ஒன்று அந்த நேரத்தில் என் பின்னால் போயிருக்கிறது.

திரும்பி வந்து குடையை மாட்டினார். என்னைத் திட்டவில்லை. சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து, அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘இந்த ஓட்டத்தை என் கண்ணால் கண்டேன்.’ அதற்குக் கீழே அரசிதழ் பெற்ற அதிகாரியின் கையெழுத்து. அந்த வரியைத் தலைமை அலுவலகம் மெச்சி, எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக்கியது. இப்படியாக, ஓர் ஆட்டின் மூலம் நான் திருவிதாங்கூரின் விளையாட்டு நிர்வாகத்துக்கு ஒரு விதியை வழங்கினேன்.

அந்த விதி தங்கநேசத்தின் கழுத்தில் வந்து விழுந்தது முப்பதுகளின் தொடக்கத்தில்.

கொட்டாரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த மாசிலாமணி என்பவரின் மகள் அவள். பத்தொன்பது வயது. பள்ளி இறுதி முடித்துவிட்டு அதே பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் சென்னையில் பெண்களுக்கான தேகப்பயிற்சி வகுப்புக்கு நம் சமஸ்தானத்திலிருந்து ஒருவரை அனுப்புவதாக அறிவித்தார்கள். படித்து வந்தால் நிரந்தர வேலை. நூறு கஜத்தைப் பதினைந்து விநாடிக்குள் ஓடியதற்குச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் சனிக்கிழமைக்குள் திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டும்.

தங்கநேசத்துக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. மாசிலாமணி மார்த்தாண்டத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் கோயிலில், அவர்கள் ஐயர் என்று அழைக்கும் போதகர், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்கிற அறிவிப்பு அது. மூன்றாவது ஓலை வாசித்தபின் மாற்றுவது குடும்பத்துக்கே தலைகுனிவு. முதல் ஓலை வருகிற ஞாயிறு.

மாசிலாமணி கெட்டவரில்லை. வியாபாரி. மகளிடம் கணக்காகச் சொல்லியிருந்தார்: “ஏட்டி, மூணாவது ஓலைக்கு முந்தி சர்க்கார் காயிதம் வந்தா நீ மெட்ராஸுக்குப் போ. வரல்லன்னா மார்த்தாண்டத்துக்குப் போ. எங்கயாவது ஒரு இடத்துக்குப் போயிரு.”

விளையாட்டு விழா புதன்கிழமை. தட்டி கட்டியாயிற்று, முக்காலி போட்டாயிற்று. அம்மா குழித்துறையில் முகாம் முடித்து வரவேண்டும். பதினொரு மணிக்குத் தந்தி வந்தது: தக்கலையில் பஸ்ஸின் அச்சு முறிந்துவிட்டது. அம்மாவுக்குப் பதிலாக ஆண்பள்ளிகளின் உதவி இன்ஸ்பெக்டர் தலைமை தாங்கினார். தலைமை என்றால், என் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

விசில் ஊதியது. மணி அடித்தது. சுற்றிலும் ஆடு இல்லை என்று முன்பே பார்த்துக்கொண்டேன். பதினான்கு விநாடி. உள்ளே கூச்சல் அடங்கியபின் ஓலைக்கு அந்தப் புறத்திலிருந்து மூச்சு வாங்கும் தங்கநேசத்தின் குரல் கேட்டது.

“அய்யா, எத்தனை?”

“பதினாலு.”

“நெசமாவா? ஆடு ஒண்ணும் இல்லியே?”

அந்தக் கதை பள்ளிப் பிள்ளைகள் வரை போயிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உதவி இன்ஸ்பெக்டர் சான்றிதழை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கீழ்வரியை நான் சுட்டிக்காட்டினேன்.

“கண்ணால் கண்டேன் என்று இருக்கிறதே, சார்.”

“நான் எதைவே கண்ணால கண்டு கையெழுத்துப் போட்டிருக்கேன்? சவத்த விடும். அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்.”

மறுநாள் அம்மா வந்து குடையை மாட்டினார். சான்றிதழை நின்றபடி படித்தார்.

“யார் பார்த்தது?”

“உதவி இன்ஸ்பெக்டர்...”

“எட்டடித் தட்டி என்று உத்தரவு போட்டவள் நான். அவர் எந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்? இந்தக் காகிதத்தோடு உங்கள் தட்டி கட்டிய அறிக்கையும் மேலே போகும், பிள்ளை. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க அங்கே ஒருவனாவது இருப்பான்.”

சான்றிதழை நான்காகக் கிழித்தார். நான் ஆட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சமயம் பார்த்து மாசிலாமணி, மகளோடு வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, காயிதம் போயாச்சா? நான் ஞாயித்துக்கிழமை ஓலைக்கு ஐயர்ட்ட சொல்லியாச்சு. வெறுதே ரெண்டு தோணியில கால் வச்சிட்டு நிக்க என்னால ஒக்காது.”

தங்கநேசம் கிழிந்த நான்கு துண்டையும் பார்த்தாள். அழவில்லை.

“நான் இன்னொரு தடவை ஓடுகேன்” என்றாள்.

“எங்கே ஓடுவாய்?” என்றேன். “தட்டியை எல்லாம் காலையிலேயே அவிழ்த்து ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தட்டி இல்லாமல் விளையாட்டு விழா நடத்தக்கூடாது.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பகலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“பிள்ளை, அந்த உத்தரவைப் படியுங்கள்.”

படித்தேன். ‘பெண்பள்ளிகளில் நடைபெறும் விளையாட்டு விழாக்கள்...’

“விளையாட்டு விழா. நாளைக் காலையில் நடக்கப்போவது ஓர் அதிகாரி ஒரு விண்ணப்பதாரரைச் செய்யும் பரிசோதனை. பரிசோதனைக்குத் தட்டி கட்ட வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா?”

கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குளத்தின் கரை. நேராகவும் கெட்டியாகவும் நூறு கஜம் கிடைத்த இடம் அது ஒன்றுதான். இருபத்திரண்டு கஜ நீளமுள்ள சர்வே சங்கிலியால் நான்கு சங்கிலியும் பன்னிரண்டு கஜமும் அளந்து இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். தொடக்கத்தில் தலைமையாசிரியை விசிலோடு. முடிவில் அம்மா குடையை விரித்து நின்றார். அவர் அருகே வாட்சோடு நான். அவர் “நிறுத்து” என்றதும் நான் அழுத்த வேண்டும்.

அரசாங்கம் ரகசியமாக எதையாவது செய்தால்தான் ஜனங்கள் கூடுவார்கள் என்பதில்லை. சங்கிலியைக் கண்டாலே போதும், நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்று வந்துவிடுவார்கள். எருமை குளிப்பாட்டியவர்கள் எருமையை விட்டு வந்தார்கள். வயலில் நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். தங்கநேசம் பாவாடையை முழங்காலுக்குக் கீழே ஊக்கு குத்தி இறுக்கியிருந்தாள். மாசிலாமணி கோட்டுக்கு ஓரமாக, யாரோ ஒருவர் மாதிரி நின்றார்.

“ஏட்டி, எவன்ட்டி உன்னைத் தொரத்துதான்?” என்று நடவுக்காரி ஒருத்தி கத்தினாள்.

“ஆரும் தொரத்தல்ல அக்கா!”

“பொறவு எதுக்குட்டி ஓடுக?”

“கல்யாணத்துக்குத் தப்பி ஓடுதா போலிருக்கு!” என்றாள் இன்னொருத்தி. வயல் முழுக்கச் சிரிப்பு. அவள் நிஜத்தைத்தான் சொன்னாள் என்பது எங்கள் நான்கைந்து பேருக்கு மட்டுமே தெரியும்.

விசில் ஊதியது. அழுத்தினேன்.

பிறகு நடந்தது இது. சிரிப்பு சட்டென்று நின்றது. வெறுங்கால் கெட்டி மண்ணில் அடிக்கிற சத்தம் வந்தது, நெருங்கியது, காற்று என் சட்டையை ஒருமுறை இழுத்தது. “நிறுத்து” என்றார் அம்மா. அழுத்தினேன். பதினான்கு விநாடியும் ஐந்தில் ஒரு பங்கும். அப்போதுதான் என் எதிரே குளத்தில் ஒரு கொக்கு நிற்பதைக் கவனித்தேன்.

யாரும் சொல்லாமலே, விசில் கேட்டதும் நான் திரும்பி நின்றிருக்கிறேன்.

“பிள்ளை, ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?”

“பழக்கம், அம்மா.”

தங்கநேசம் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “உம்ம மவளாய்யா?” என்று வரப்பிலிருந்து யாரோ கேட்டார்கள். மாசிலாமணி தொண்டையைச் செருமினார். “ஆமா, எம் மவளாக்கும்” என்று சொல்லிவிட்டு, ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

சான்றிதழ் அன்றைய தபால் பையில் போயிற்று. ஆனால் சர்க்கார் காகிதத்துக்கு அவளைப் போல ஓடும் கால் இல்லை. ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். மறு ஞாயிறு இரண்டாவது. அதற்கடுத்த செவ்வாய் திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது. இடம் அல்ல, விளக்கம் கேட்டு. நடப்பிலுள்ள உத்தரவுக்கு மாறாகப் பொது இடத்தில், தட்டியின்றி, பலர் பார்க்க ஒரு பெண்ணை ஓடவிட்டது ஏன்?

நான் மூன்று பக்கத்துக்கு ஒரு வரைவு எழுதினேன். விழாவுக்கும் பரிசோதனைக்கும் உள்ள வேறுபாடு, முன் உத்தரவுகள், பஸ்ஸின் அச்சு எல்லாம் அதில் இருந்தன. அம்மா நின்றபடி படித்தார். மூன்று பக்கத்தையும் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, கீழே தாமே எழுதினார்: ‘தட்டிக்குள் ஓடியதை எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. வெளியே ஓடியதை நான் பார்த்தேன். தங்களுக்கு எது வேண்டும்?’

“அம்மா, மேலிடத்துக்குக் கேள்வி எழுப்பி எழுதுவது முறையல்ல” என்றேன்.

“தெரியும் பிள்ளை. அனுப்புங்கள்.”

அவருடைய பதவி உயர்வு அதன்பின் நான்கு வருஷம் தள்ளிப்போயிற்று. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எந்தக் கோப்பிலும் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் இடம் ஒதுக்கிய கடிதம் வந்தது. வழக்கப்படி திங்கட்கிழமை பதிவேட்டில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். என் வேலைக்காலத்தில் நான் செய்த ஒரே முறைகேடு, அதை ஏற்றாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டாரத்துக்கு வண்டி ஏறியது. மாசிலாமணி கடையில் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லப் புறப்பட்டார். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தபோது அவர் சொன்ன பதில் ஊரெல்லாம் பரவிற்று: “உங்க பையன் நல்ல பையன்தான். ஆனா அவளை ஓடிப் பிடிக்க அவனால ஒக்காது.”

படிப்பு முடிந்து தங்கநேசம் தேகப்பயிற்சி ஆசிரியையாக எங்கள் மாவட்டத்துக்கே வந்தாள். நிரந்தர ஊழியர் என்பதால் இனி வாட்ச் அவளிடம் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அவள் நடத்திய முதல் நிகழ்ச்சிக்கு என்னை அழைத்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விளையாட்டு விழா என்று அதில் இல்லை. ‘வருடாந்திரப் பரிசோதனை’ என்றிருந்தது. ஆகவே தட்டியும் இல்லை. ஆண் குமாஸ்தா உள்ளே வரவும் தடையில்லை. விதிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஏழாவது விதி: ‘நேரம் குறிப்பவர் ஓடுகளத்தை நோக்கி நிற்க வேண்டும்.’

என் வாழ்நாளில் நான் எந்த விதியையும் மீறியதில்லை, அந்த ஒரு சனிக்கிழமையைத் தவிர. களத்தை நோக்கி நின்றேன். ஆறு பெண்கள் கோட்டில் குனிந்தார்கள். தங்கநேசம் விசிலை வாயில் வைத்து, நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஊதினாள்.

அந்த ஓட்டத்துக்குப் பதிவேட்டில் நேரம் இல்லை. பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். பத்தியைக் காலியாக விடக்கூடாது என்பதால், ‘குறிப்பு’ என்ற இடத்தில் ஒரே சொல் எழுதிக் கையெழுத்திட்டேன்: கண்டேன்.